மூட்டு வலி வந்த தபால்காரர்

எங்கள் ஊர்ப் பக்கம் படம் பார்க்கப் போனால் வாயை மூடிக்கொண்டு பார்க்கிற வழக்கம் கிடையாது. கதவுக்குப் பின்னால் நிற்கிற வில்லனைக் கவனிக்காமல் கதாநாயகன் நடந்து போனால், பின்வரிசையில் இருந்து யாராவது "அண்ணே, பின்னாடி பாருண்ணே" என்று எச்சரித்தே தீருவார்கள். எனக்கு அதெல்லாம் ஆகாது. நான் நாவல் படிக்கிற ஆள். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் புத்தகத்தைத் திறப்பேன். பக்கத்தில் ஒருவர் இருமினால்கூட முறைப்பேன். அப்பேர்ப்பட்ட என்னைக் காப்பாற்றியது, படம் ஓடும்போது வாய் ஓயாமல் பேசுகிற ஒரு பெண்மணி. என் மனைவிதான். இதை நான் போனில் வாயால் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. பிழை பார்க்கப் போவதும் அவள்தான் என்பதால் கூட்டிக் குறைத்துச் சொல்ல வழியில்லை.

முதலில் கண் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கதை இல்லை. சர்க்கரை இருந்தது, கவனிக்காமல் விட்டேன், விழித்திரை கெட்டது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், ஆபரேஷனும் செய்தார்கள். டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மிஞ்சியது வெளிச்சம் மட்டும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், ஜன்னலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. வேலையை விட்டேன். திருமங்கலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் என் புத்தக அலமாரிக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பேன். அலமாரியை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடு என்று பலமுறை சொன்னேன். "இருந்துட்டுப் போகுது, சோறா கேக்குது?" என்பாள். ஒலிப்புத்தகம் என்று போனில் எதையோ போட்டுக் கொடுத்தாள். ஒருவர் செய்தி வாசிக்கிற குரலில் காதல் கதை வாசித்தார். நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அவள் பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒரு மத்தியானம், அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், கேட்டைத் திறந்துகொண்டு நான் வெளியே போனேன். எங்கள் தெரு போய் முட்டுகிற இடம் நாலுவழிச் சாலை. லாரி போகிற காற்று முகத்தில் அடிக்கிற இடம்வரை போய் நின்றேன். அங்கே டீக்கடை வைத்திருப்பவர் ஓடிவந்து கையைப் பிடித்து, "எங்கண்ணே போகணும்? சொல்லுங்க, நான் கொண்டுபோய் விடுறேன்" என்றார். சொல்வதற்கு எனக்கு ஓர் இடம் இல்லை. வீட்டில் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் மனைவிக்குச் சேதி தெரிந்துவிட்டது. காத்தாடப் போனேன் என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பியபோது கேட் சாத்துகிற சத்தத்தோடு புதிதாக ஒரு பூட்டுச் சத்தமும் கேட்டது. நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஆத்திர அவசரத்துக்கு இன்னொரு சாவி எதிர்வீட்டில் இருந்தது. அந்தப் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் குடும்பம் நடத்தினோம்.

மதுரையில் காளவாசல் சந்திப்பை ஒட்டிய ஒரு சந்துக்குள், பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் சின்ன அரங்கம் ஒன்று உண்டு. நாடக ஒத்திகை, நாட்டிய அரங்கேற்றம், புத்தக வெளியீடு எல்லாம் நடக்கிற இடம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே படம் போடுவார்கள். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் அதை நடத்தி வந்தார். அந்த வருஷம் முழுக்க நாவல்களில் இருந்து எடுத்த படங்கள் என்று அறிவித்திருந்தார். வங்காளம், மலையாளம், ருஷ்யா, ஜப்பான் என்று எல்லாத் தேசமும் உண்டு. ஒரு சம்பிரதாயமும் வைத்திருந்தார். படம் முடிந்ததும், அந்த நாவலைப் படித்த ஒருவர் எழுந்து புத்தகத்துக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல வேண்டும். படித்தவர் யாரும் இல்லையென்றால் பேராசிரியரே சொல்வார், அது மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டிப் போகும். அதனால் படித்தவர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதில் எல்லோரும் மிகக் கருத்தாக இருந்தார்கள்.

வாட்ஸப்பில் அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு மனைவி என்னைக் கூப்பிட்டாள். "கண்ணு போனவனுக்குச் சினிமா எதுக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"எனக்குப் பாக்கணும் போல இருக்கு. உங்களத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது? நீங்களும் வாங்க."

அவளுக்கும் நாவலுக்கும் வெகுதூரம். இருபது பக்கம் படித்தாளென்றால் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிடுவாள். யாருக்காக அவளுக்குப் பார்க்கணும் போல இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

முதல் படம் வங்காளி. வசனம் ஆங்கில எழுத்தாகக் கீழே ஓடும். அவள் என் காதோரம் வாயை வைத்து, அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். தமிழ் என்றால் எங்கள் தெருத் தமிழ். வங்காளத்து ஜமீன்தார் வேலைக்காரனைப் பார்த்து, "ஏப்பா, வண்டியக் கட்டு, நான் குளிச்சிட்டு வாரேன்" என்றார். முன்னால் இருந்து யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். அவள் குரலைத் தணித்தாள். மறுபடி "ஷ்ஷ்" வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போய்விடலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போது இடைவேளை விட்டார்கள். வெளிநாட்டுப் படமானாலும் நம்மூரில் இடைவேளை விடாமல் முடியாது, டீக்காரர் சமோசாத் தட்டோடு படியில் காத்திருப்பார்.

இடைவேளையில் ஒருவர் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்து போட்டார். பழைய மதுரைக்குள் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். "டீச்சர், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அந்த எழுத்து ஓடுற ஓட்டத்துக்கு நம்மால ஆவாது. இம்புட்டு நாளும் சும்மா படத்தத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றார். அவரைத் தொடர்ந்து இன்னும் சில நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. அடுத்த மாதம் பேராசிரியரே இடது பக்கப் பின்மூலையை எங்களுக்கு ஒதுக்கிவிட்டார். அமைதி வேண்டுகிறவர்கள் வலது பக்கம் முன்னால் போய்விட வேண்டும். எங்கள் மூலைக்குக் கதை மூலை என்று பெயரும் வந்துவிட்டது.

கதை மூலையில் நியாயம் கேட்கிற உரிமை எல்லோருக்கும் இருந்தது. மனைவி ஓர் உறவைத் தப்பாகச் சொல்லிவிட்டால் பாய் விடமாட்டார். "டீச்சர், அது மச்சான் இல்ல, மாமனாரு. போன சீன்ல மீசை வச்சிருந்தாருல்ல, அவருதான்." இவளும் விடமாட்டாள். "மீசைய எடுத்துட்டா நான் என்னத்தக் கண்டேன் பாய்?" ருஷ்ய நாட்டுச் சீமாட்டி ஒருத்தி புருஷனை விட்டுவிட்டு ரயிலேறியபோது, ஏறியது சரியா தப்பா என்று மூலை இரண்டாகப் பிரிந்து, ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போனது யாருக்கும் தெரியாமல் போயிற்று. சிரிப்பு வந்துவிட்டால் இவளால் பேச முடியாது. அப்போது எனக்குப் பாதிக் கதை போய்விடும். மிச்சத்தைப் பஸ்ஸில் வாங்கிக்கொள்வேன்.

நான் நாவல் படிக்கும்போது யார் என்ன பேசினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். சமையலறை, துணிமணி, சுவர் பற்றியெல்லாம் எழுதியிருந்தால் தாண்டிப் போய்விடுவேன். இவளோ அதைத்தான் முதலில் பார்த்தாள். "பொண்டாட்டி புதுப் பாவாடை கட்டியிருக்கா. ஆனா அடுப்புல பாத்திரமே இல்லீங்க, ஒண்ணும் சமைக்கல போல." நான் இரண்டு முறை படித்திருந்த ஒரு கதையில், அந்த வீட்டில் பட்டினி என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். கண்ணோடு இருந்த காலத்தில் பார்க்காததையெல்லாம் அவள் எனக்குக் காட்டினாள். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டையை நானே எடுத்து வைக்க ஆரம்பித்தேன். படம் முடிந்ததும் வித்தியாசம் சொல்கிற வேலையும் அநேகமாக என் தலையில்தான் விழுந்தது. பேராசிரியரின் பேச்சில் இருந்து தங்களை மீட்டவன் என்று கூட்டத்தில் எனக்குத் தனி மரியாதை இருந்தது.

இதெல்லாம் இருந்தும் பூட்டு மட்டும் பூட்டாகவே இருந்தது. பள்ளிக்கூட நாள் காலையில் அந்தச் சத்தம் கேட்காமல் அவள் போனதில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிறு, போடவேண்டிய படம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. பேராசிரியர் கையில் இருந்த வேறொன்றைப் போட்டார். "இது ஒரு பனி நாட்டு நாவல். மிச்சத்தைப் பிறகு பேசுவோம்" என்று மட்டும் சொன்னார். பனியில் பூட்ஸ் நெரிகிற சத்தம் கேட்டது. மனைவி ஆரம்பித்தாள். "மலையில ஒரு சின்ன ஊரு. ஊரே வெள்ளையாக் கிடக்கு. ஒரு போஸ்ட்மேன் போறாரு, வயசு உங்க வயசு இருக்கும். பை கனமா இருக்கு."

எனக்கு அது எந்தக் கதை என்று தெரிந்துவிட்டது. அந்த நாவலைத் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்திருந்தேன். படித்த அன்று டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து இவளிடம் திட்டு வாங்கியதுகூட நினைவிருக்கிறது. அந்தத் தபால்காரருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் போகும். மனைவியிடம்கூடச் சொல்லாமல், பழகிய பாதையிலேயே நடந்து தபால் கொடுத்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு விடியற்காலை, கோட்டைக் கழற்றி வாசல் கேட்டில் மாட்டிவிட்டு, பனிக்குள் நடந்து போய்விடுவார். திரும்பி வரமாட்டார். இவளுக்கு அது ஒன்றும் தெரியாது. இவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"லெட்டர எடுத்து முகத்துக்கிட்ட வச்சுப் பாக்குறாரு. தள்ளி வச்சுப் பாக்குறாரு. அவருக்கு..." என்றவள் நிறுத்திவிட்டாள். திரையில் யாரோ கதவைத் தட்டினார்கள். யாரோ என்னவோ கேட்டார்கள். பிறகு, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், "அவருக்கு மூட்டு வலி. பாவம், நடக்க முடியல" என்றாள்.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், மூட்டு இல்ல, அவருக்குக் க..." என்றவர் பாதியில் நின்றார். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. "ஆமா ஆமா, மூட்டுதான். எங்க மச்சானுக்கும் இப்படித்தான், பனி நேரத்துல ரொம்பப் படுத்தும்" என்று முடித்தார்.

அதற்குப் பிறகு அந்தப் படம் முழுக்கத் தபால்காரருக்கு மூட்டு வலிதான். டாக்டர் வீட்டுக்குப் போனபோது முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கடிதத்தை வேறு வீட்டில் கொடுத்தபோது, அதுக்கு மேலே ஏற முடியாமல் இங்கேயே கொடுத்துவிட்டார். மாதா மாதம் மீசைக்கும் மாமனாருக்கும் மல்லுக்கு நின்ற கூட்டம் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அத்தனை பேருக்கும் எதிரே திரை இருந்தது. அத்தனை பேரும் அந்த மூட்டு வலியை ஒத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதையும் வெளியே காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளையில் பாய் என் கையில் டீயை வைத்தார். "சீனி போடாததுண்ணே" என்றார். என் தோளில் வைத்த கையை உடனே எடுக்கவில்லை. மனைவி, "எனக்குத் தலை வலிக்குது, போயிருவோமா?" என்றாள்.

"அந்த ஆளு மூட்டு என்னாச்சுன்னு பாக்க வேணாமா?" என்றேன். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. அது வந்துவிட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது. கேட் திறக்கிற ஒலி, பிறகு பூட்ஸ் ஒலி, அது தேய்ந்து தேய்ந்து காற்று மட்டும் மிஞ்சியது. மனைவியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டன. அப்போது திரையில் ஒரு பெண் கத்தினாள். ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பாஷை தெரியாவிட்டாலும் அந்தக் குரல் எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியும்.

"யாரு அது கத்துறது?" என்றேன்.

"அவரு பொண்டாட்டி" என்றாள். "சாப்பிடக் கூப்பிடுறா. கஞ்சி ஆறுது, வாங்கங்கிறா."

"வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. கோட்ட மாட்டிட்டு உள்ள வந்துட்டாரு. உக்காந்து சாப்பிடுறாரு."

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

விளக்குப் போட்டார்கள். பேராசிரியர் வழக்கம்போல் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க படிச்சிருப்பீங்களே, சொல்லுங்க" என்றார். மனைவியின் கை என் மணிக்கட்டில் அப்படியே விறைத்தது. நான் படித்திருப்பேன் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் எழுந்தேன்.

"நாவல்ல அந்தத் தபால்காரர் திரும்பி வரமாட்டார்" என்றேன். "படத்துல திரும்பி வந்துட்டார். பொண்டாட்டி கூப்பிட்டதும் சாப்பிட வந்துட்டார். அவ கூப்பிட்டது எழுதினவர் காதுல விழல போலிருக்கு. என்னைக் கேட்டா படம்தான் சரி."

வலது பக்கம் முன்னால், அமைதிக்காரர்கள் வரிசையில் இருந்து, "எங்க திரும்பி வந்தாரு?" என்று ஒரு குரல் எழுந்தது.

"வந்துட்டாருப்பா, நாங்க அம்புட்டுப் பேரும் பாத்தோமே" என்றார் பாய்.

பேராசிரியர் புத்தகத்தில் ஒரு காற்புள்ளி மாறினால்கூடச் சண்டைக்கு வருகிறவர். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றேன். "ஆமாம். படத்தில் திரும்பி வந்துவிடுகிறார்" என்றார். கூட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டு மைக்கை அணைத்தார். அவர் வாழ்க்கையிலேயே சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கப்பலூரைத் தாண்டியது. பிறகு, "அந்தப் புத்தகம் நம்ம வீட்ல இருக்கா?" என்றாள்.

"ரெண்டாவது தட்டு, இடது ஓரம்."

"அதுல அவருக்குக் கண்ணுதான?"

"கண்ணுதான். மூட்டு நல்லாத்தான் இருக்கும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்காமல் போய் அழுகையாகிவிட்டது. கண்டக்டர் வந்து, "என்னக்கா, உடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல தம்பி, மூட்டு வலி" என்றாள்.

அன்று சாயங்காலமே அலமாரியைத் திறந்தாள். இருபது பக்கத்தில் தூங்கிவிடுகிற என் மனைவி, தினமும் பள்ளிவிட்டு வந்து டீ குடித்ததும், அந்த நாவலைச் சத்தம் போட்டு எனக்குப் படிக்க ஆரம்பித்தாள். குக்கர் விசில் அடித்தால் எழுந்து போவாள், திரும்பி வந்து விட்ட வரியில் இருந்து தொடர்வாள். கண் போகிற பக்கங்களைக் கண் போவதாகவே படித்தாள். எந்த இடத்திலும் மாற்றவில்லை, தாண்டவில்லை. நடுவில் நிறுத்தி, "இந்த ஆளு வாயத் திறந்து பொண்டாட்டிகிட்டச் சொன்னாத்தான் என்ன?" என்று திட்டினாள். பல வருஷத்துக்குப் பிறகு என் வீட்டில் ஒரு நாவல் நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் முழுக்கச் சாயங்காலத்துக்காகக் காத்திருந்தேன்.

கடைசிப் பக்கத்தையும் எழுதியபடியே படித்தாள். கேட்டில் கோட், பனி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, அன்னிக்கு நீங்க காத்தாடத்தான் போனீங்களா?"

கேட்கவே மாட்டாள் என்று நினைத்திருந்தேன். "இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள். "இப்ப?"

"இப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன படம்னு கேக்கலாம்னு இருக்கேன்."

அவள் என் தலையில் புத்தகத்தால் ஓர் அடி வைத்தாள். வலிக்கத்தான் செய்தது. பிறகு எழுந்து போய் அதை இரண்டாவது தட்டில் இடது ஓரம் வைத்துவிட்டு, அடுத்ததாக எதைப் படிப்பது என்று கேட்டாள்.

மறுநாள் காலை அவள் பள்ளிக்குக் கிளம்பினாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. அடுத்து வரவேண்டிய சத்தத்துக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் செருப்புச் சத்தம் தெருவோடு போய் மறைந்தது. நான் எழுந்து சுவரைப் பிடித்தபடி வாசலுக்குப் போய்க் கேட்டைத் தடவிப் பார்த்தேன். வெறும் கொண்டிதான் போட்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்குள் திரும்பி வந்தேன்.